கணக்கில் வராத பதினாறு கிலோமீட்டர்

சின்னவள் ஜெயித்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடலாம். ஆறு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இடது காதை வாங்கிக்கொண்டு போனது; கூடவே பள்ளிக்கூடமும் போனது. அந்த ஒற்றைக் காதோடு, கேள்விகளை வாயால் கேட்டு வாயால் பதில் வாங்கும் தேர்வில் இரண்டாம் முறை தேறி, ஓட்டுநர் உரிமம் வாங்கினாள். ஒரு காம்பவுண்டுச் சுவரில் பல வருடம் சாய்ந்தே கிடந்த, எலி குடியிருந்த மோட்டார் சைக்கிளை மூன்று மாதத்தில் ஓடவைத்தாள். மருத்துவமனைகளிலிருந்து பரிசோதனைக்கூடத்துக்கு ரத்த மாதிரிப் பெட்டி கொண்டுவரும் வேலைக்குப் பதினோரு ஆண்கள் நின்ற வரிசையில் பன்னிரண்டாவதாக நின்று அந்த வேலையைப் பிடித்தாள். கடைசியாகத் தன் அக்காவின் சந்தேகத்தையும் ஜெயித்தாள். இருப்பதிலேயே கஷ்டமானது அதுதான்.

அக்கா, அதாவது பெரியவள், பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டுகிறவள். எட்டாவது வரை படித்தவள். கத்தி அரை அங்குலம் விலகினால் இருநூறு சட்டை குட்டையாகிவிடும் வேலை அது. அதனால் யார் சொன்ன அளவையும் நம்பமாட்டாள். தான் நேற்று எடுத்த அளவையே இன்று நம்பமாட்டாள். கதவைப் பூட்டிவிட்டு இரண்டு படி இறங்கி, திரும்ப ஏறி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். வெட்டு மேசையில் தங்கையின் பெருமையைப் பேசாத நாள் கிடையாது. வீட்டுக்கு வந்தால் அதே தங்கையைக் குறுக்கு விசாரணை செய்யாத நாளும் கிடையாது.

பெருமைக்குக் காரணம் இருந்தது. ரத்தக் குப்பி வழியில் குலுங்கினால் உள்ளே ரத்தம் கெட்டுவிடும். நோயாளிக்கு மறுபடி ஊசி குத்த வேண்டும். மற்றவர்கள் கொண்டுவந்த பெட்டிகளில் அப்படிக் கெட்டது அடிக்கடி வந்தது. சின்னவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு காரியம் செய்தாள். காலிப் பெட்டிக்குள் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, மருத்துவமனைகளுக்குப் போகும் ஒவ்வொரு சாலையிலும் ஓட்டிப் பார்த்தாள். எந்தச் சாலையில் எத்தனை விரல் தண்ணீர் குறைகிறது என்று மனதிலேயே வைத்துக்கொண்டாள். "பெரிய ரோடு மூணு விரல், பால் பண்ணை ரோடு அரை விரல்" என்பாள். அவள் பெட்டியிலிருந்து ஒரு குப்பிகூடத் திரும்பி வந்ததில்லை.

அடுக்களையில் ஒரு டம்ளர் குறைகிறதே என்று பெரியவள் பதினைந்து நாள் கீழ்வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டது வேறு கதை.

வண்டிக்கு மீட்டர் செத்துப் போயிருந்தது. சின்னவளுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பெட்ரோல் டாங்கில் உள்ளங்கையை வைத்தால் இன்ஜினின் நோவு தெரிந்துவிடும் அவளுக்கு. பெரியவளுக்குத்தான் பொறுக்கவில்லை. "ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா ஆயில் மாத்தணும்னு சொல்றாங்க. ரெண்டாயிரம் ஆச்சுன்னு வண்டி வந்து காதுல சொல்லுமா?" என்று மெக்கானிக்கை நச்சரித்தாள். மெக்கானிக்கின் பட்டப்பெயர் மிச்ச நட்டு. எந்த வண்டியைப் பிரித்துப் பூட்டினாலும் கடைசியில் ஒரு நட்டு அவர் கையில் மிஞ்சி நிற்கும். அவர் எங்கேயோ தேடி, முன்சக்கரத்துக்குள் ஒரு பல்சக்கரத்தைப் போட்டு, மீட்டரை ஓடவைத்தார். அன்றே மாடிப்படிக்குக் கீழே, வண்டி நிற்கிற இடத்தில், ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகமும் நூலில் கட்டிய பென்சிலும் தொங்கின.

பெரியவள் காலையில் ஒரு எண், மாலையில் ஒரு எண் எழுதினாள். பரிசோதனைக்கூடம் கொடுத்த தாளில் ஒன்பது மருத்துவமனைகள், வீட்டிலிருந்து புறப்பட்டு வீடு திரும்ப நாற்பது கிலோமீட்டர் என்று இருந்தது. மீட்டர் ஐம்பத்தாறு காட்டியது. மறுநாளும் ஐம்பத்தாறு. அதற்கடுத்த நாளும்.

"எங்கடி போயிட்டு வர்ற?"

"லேபுக்கு."

"லேபு நகந்து நகந்து போகுதா? தாள்ல நாப்பதுன்னு போட்டிருக்கு. இங்க அம்பத்தாறு காட்டுது."

சின்னவள் தலையை லேசாகத் திருப்பி இடது காதைக் காட்டினாள். கேட்க விருப்பமில்லாததை எல்லாம் அந்தக் காதுக்குக் கொடுத்துவிடுவது அவள் வழக்கம்.

"அந்தக் காத எங்கிட்ட காட்டாத. அது செத்துப்போன அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அன்றிலிருந்து பெரியவளுக்குத் தூக்கம் கெட்டது. டயரைக் குனிந்து பார்த்தாள். அதன் வரிப்பள்ளத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. ஒன்பது மருத்துவமனைக்கும் தார்ச்சாலைதான். செம்மண் எங்கிருந்து வந்தது? சீட்டை மோந்து பார்த்தாள், மரத்தூள் வாசனை. தங்கைக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்?

முதல் சந்தேகம் மிச்ச நட்டு மேல் விழுந்தது. காலையில் பாதிச் சுற்றை முடித்து, மீதிக்கு மாலையில் கிளம்பும்வரை வண்டி நிற்பது அவர் கடைக்கு எதிரில்தான். வெயில் ஏறினால் நிழலில் தள்ளி வைக்க ஒரு சாவியும் அவரிடம் இருந்தது. யாருக்காவது ஓட்டக் கொடுக்கிறாரோ? மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெரியவள் கம்பெனியிலிருந்து நடந்தே போனாள். வெட்டுத்துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியால் பின்டயரில் ஒரு கோடு இழுத்தாள். சக்கரக் கம்பிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே வெள்ளை நூலைக் கட்டினாள். எதிர்க் கடையிலிருந்து மிச்ச நட்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னம்மா, வண்டிக்குச் சட்ட தைக்கப் போறீங்களா?"

"அளவுதான் எடுக்குறேன் மாஸ்டர். யாரு யாரு உருவத்துக்குப் பொருந்துதுன்னு பாக்கணும்."

"எங்கிட்ட மட்டும் கேட்டுடாதீங்க. அந்த வண்டி எனக்குப் பொருந்தாது. போன வாரம் தள்ளி வைக்கும்போது என் கால் மேல படுத்துடுச்சு."

மாலையில் சின்னவள் வண்டியை எடுப்பதற்குள் மறுபடி ஓடிப்போய்ப் பார்த்தாள். நூல் அறுபடவில்லை, கோடு அழியவில்லை. மூன்று நாள் அப்படியே. மிச்ச நட்டு நிரபராதி. ஆனால் மாலை மீட்டர் மட்டும் ஐம்பத்தாறை விட்டு இறங்கவில்லை.

மிச்சமிருந்தவள் ஒருத்திதான். அது பெரியவளின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. வெட்டு மேசையில் வாய் ஓயாமல் பெருமை பேசியவள், தங்கை பேச்சை எடுப்பதையே விட்டாள். யாரையோ பார்க்கப் போகிறாளா? அந்த ஆள் நல்லவனாக இருந்தால் ஏன் மறைக்க வேண்டும்? வேறு ஏதாவது பொட்டலம் சுமக்கிறாளா? எழுதப் படிக்கத் தெரியாதவளை எவனும் எளிதாக மாட்டிவிடுவானே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடிப்படியிலேயே வழிமறித்தாள்.

"யாருடி அவன்?"

"எவன்?"

"செம்மண்ணுல இருக்கறவன். மரவாசனை அடிக்கறவன்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் வினையாகப் போனது.

"சிரிக்கறியா? வண்டி புத்தகத்துல என் பேர்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு. இல்லன்னா, நம்ம தெரு எலெக்ட்ரீஷியன் இந்த வண்டிய வெலைக்குக் கேட்டுட்டே இருக்காரு. சாவியத் தூக்கிக் குடுத்துடுவேன்."

சொந்த வண்டி இல்லாதவர்களுக்குப் பெட்டி கிடையாது என்பது பரிசோதனைக்கூடத்தின் விதி. வண்டி போனால் வேலையும் போகும். இரண்டு பேருக்கும் அது தெரியும். வண்டி வாங்கிய நாளில் தங்கை பெயருக்கே எழுதலாம் என்றுதான் பெரியவள் சொன்னாள். சின்னவள் பிடிவாதமாக வேண்டாம் என்றுவிட்டாள். அடக்கம் என்று அப்போது நினைத்தாள் பெரியவள். இப்போது அதுகூடச் சந்தேகமாகப் பட்டது. பிடிபட்டால் அக்கா பெயர் கெடட்டும் என்று செய்தாளோ?

சின்னவள் இந்த முறை காதைத் திருப்பவில்லை. "ஞாயித்துக்கிழம காலைல பின்னாடி ஏறு. நோட்டையும் எடுத்துக்கோ. ஒம்பது எடத்தையும் காட்டுறேன்," என்றாள்.

ஞாயிறு காலை இருவரும் கிளம்பினார்கள். பின்னால் பெட்டி, பெட்டிக்குள் டம்ளர், பெட்டிக்கும் தங்கைக்கும் நடுவில் பெரியவள், அவள் பல்லில் பென்சில். மூன்றாவது மருத்துவமனை தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியபோது ஓரத்தில் கிலோமீட்டர் கற்கள் வந்தன. பெரியவள் தங்கையின் தோளுக்கு மேல் எட்டி மீட்டரைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். அடுத்த கல்லில் மறுபடி மீட்டரைப் பார்த்தாள்.

"நிறுத்துடி!"

"என்ன?"

"ஓட்டு. மெதுவா. நான் கல்ல எண்ணணும்."

பத்துக் கல் ஓடியபோது மீட்டர் பதின்மூன்று ஓடியிருந்தது. கல் பொய் சொல்லாது. சுற்றை முடித்த கையோடு மிச்ச நட்டு வீட்டுக்கே போய் அவரைக் கூப்பிட்டு வந்து முன்சக்கரத்தைக் கழற்றவைத்தாள்.

"வேற வண்டியோட பல்சக்கரம்மா இது. கையில இருந்ததப் போட்டேன். கொஞ்சம் வேகமாச் சுத்துது போல."

"கொஞ்சமா? நாப்பது கிலோமீட்டர அம்பத்திரெண்டுன்னு காட்டுது!"

"நீங்க மீட்டர் ஓடணும்னுதானே கேட்டீங்க. சரியா ஓடணும்னு கேக்கலையே."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். பெரியவளுக்கு முகம் கொடுக்க முடியவில்லை. தான் நச்சரித்துப் போடவைத்த மீட்டரை நம்பி, கூடப் பிறந்தவளை நம்பாமல் போயிருக்கிறாள். "விடுடி, தப்பு என்னுதுதான்," என்று சொல்ல வாய் திறந்தவள், பாதியில் நிறுத்தினாள். விரல் நோட்டில் நின்றது.

"இன்னைக்கு ஒம்பது எடமும் போயிட்டு வந்தோம். அம்பத்திரெண்டு. ஆனா தினமும் அம்பத்தாறு காட்டுச்சே. பொய் சொல்ற மீட்டரா இருந்தாலும் தினமும் ஒரே பொய்யத்தானே சொல்லணும்? நாலு இடிக்குது. கல் கணக்குல மூணு கிலோமீட்டர். அது எங்கடி?"

மிச்ச நட்டு முன்சக்கரத்தை மறுபடி பூட்டிவிட்டு, கையில் மிஞ்சிய நட்டைப் பார்ப்பதுபோல் மெல்ல நகர்ந்துகொண்டார்.

"விடவே மாட்டியாக்கா?"

"மாட்டேன்."

"ஏறு."

பால் பண்ணை தாண்டி ஒரு செம்மண் பாதை பிரிந்தது. ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே ஒரு மர அறுவை ஆலை. ஞாயிறு என்பதால் பூட்டிக் கிடந்தது. ஆனாலும் காற்றில் மரத்தூள் பறந்தது. பெரியவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஆள் யாரும் இல்லை. வாசலுக்கு மேல் ஆள் உயர எழுத்தில் ஒரு போர்டு மட்டும் இருந்தது.

"இதுல கடைசி எழுத்து," என்றாள் சின்னவள். "என் பேர்லயும் அதுதான் கடைசி."

பெரியவளுக்குச் சட்டென்று புரியவில்லை.

"லேபு ரிஜிஸ்டர்ல தினமும் கட்டவிரல் வெக்கிறேன்ல. பக்கத்துல என் பேர அவங்களே எழுதுவாங்க. கொசு ஒக்காந்த மாதிரி இருக்கும். அந்த உருவத்த மனசுல வெச்சுக்கிட்டு வழியெல்லாம் தேடினேன். முதல் எழுத்து பெயின்ட் கடை போர்டுல இருக்கு. ரெண்டாவது பல் டாக்டர் வாசல்ல. மூணாவது பஸ் நிக்கிற நிழல்குடையில. அதெல்லாம் என் ரூட்லயே வந்துடும். இந்தக் கடைசி எழுத்துதான் எங்கயும் பெருசா கெடைக்கல. ரொம்பச் சுழி. வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துடுது. அதான் தினமும் வந்து பாக்குறேன்."

பெட்ரோல் டாங்கின் மேல் புழுதி படிந்திருந்தது. அதில் ஆள்காட்டி விரலால் நான்கு எழுத்து எழுதினாள். கடைசி எழுத்தின் சுழியில் விரல் தயங்கி, போர்டைப் பார்த்து, பிறகு சுற்றி வந்தது.

பெரியவள் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். கடைசி எழுத்தைப் போர்டோடு ஒத்துப் பார்த்தாள். தப்பு இல்லை.

"என்னக் கேட்டா சொல்லிக் குடுத்திருக்க மாட்டேனா?"

"நீ ஸ்கேல எடுப்ப."

பதின்மூன்று வயதில் பெரியவள் ஒருமுறை தங்கைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் ஸ்கேல் இரண்டாக முறிந்தது.

"வண்டிய என் பேருக்கு வேணாம்னு சொன்னேன்ல," என்றாள் சின்னவள். "எலிக்கூட்ட அள்ளி, ஒவ்வொரு போல்டாத் தேச்சு ஓடவெச்சது நான். அத கைநாட்டு வெச்சு வாங்க மாட்டேன்னு நெனச்சேன். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கணும்."

திரும்பி வரும்போது பெரியவள் பெட்டியைத் திறந்து டம்ளரைப் பார்த்தாள். செம்மண் பாதையில் இரண்டு விரல் குறைந்திருந்தது. "மோசமான ரோடு," என்றாள். "குப்பியோட வந்தியா?"

"சேச்சே. குப்பியெல்லாம் எறக்கிட்டுத்தான் வருவேன்."

அதற்குப் பிறகு பெரியவள் சந்தேகப்படவில்லை.

மூன்று வாரம் கழித்து, வாகனப் பதிவு அலுவலகத்தில், பெயர் மாற்றும் படிவத்தில் பெரியவள் முதலில் கையெழுத்துப் போட்டாள். அடுத்த இடத்துக்கு விரல் காட்டிய குமாஸ்தா, சின்னவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். சின்னவள் அதை ஒரு விரலால் அவர் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டாள். குமாஸ்தா தயங்கித்தான் கொடுத்தார். அவள் எழுதி முடித்ததும் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சொந்தக் கையெழுத்துதானாம்மா?"

"நல்லாப் பாத்துக்கோங்க சார்," என்றாள் பெரியவள். "நானும் பாத்துட்டேன். நாலும் சரியா இருக்கு."

மாடிப்படிக்குக் கீழே தொங்கும் நோட்டில், மீட்டர் எண்களுக்கு நடுவே, அன்றைக்கு எண் இல்லை. தேதி மட்டும் இருக்கிறது: 2017 ஆகஸ்ட் 9, புதன்கிழமை.