சரசு எந்தப் பக்கம் பார்த்தாள்

செங்கம் ரோட்டில் இட்லிக் கடை போட்டிருக்கும் சரசு ஒரே ஒரு படத்தில் நடித்திருக்கிறாள். அது வெட்டுக்குத்துப் படம்; அவள் கடையிலேயே எடுத்தார்கள். அவளுக்கு வசனம் கிடையாது. ஒருவனைத் துரத்திக்கொண்டு அரிவாளோடு வரும் ஆட்கள் அவள் கடை முன் நின்று, "எங்கடி போனான்?" என்பார்கள். சரசு வாய் திறக்க மாட்டாள். ஆனால் அவள் கண் பக்கத்துச் சந்துக்கு ஒருதரம் போய்த் திரும்பும். அவர்கள் சந்துக்குள் பாய்வார்கள். பிறகு அலறல், சுவரெல்லாம் ரத்தம்.

படம் வந்ததிலிருந்து கடையில் இதே பேச்சு.

"அந்தப் பொம்பள வேணும்னே காட்டிக் குடுத்துட்டா" என்பான் ஆட்டோ ஓட்டும் வல்லரசு.

"பயத்துல பாத்துச்சுப்பா" என்பார் இன்னொருவர்.

சரசுவையே கேட்டால் சட்னியை ஊற்றிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

சினிமாக்காரர்களுக்குத் தெரியாது, முன்பு அவள் தம்பி முருகவேலை வரப்புத் தகராறில் வெட்டிக் கொன்றது அதே சந்தில்தான் என்று. எதிராளிகள் கீழ்பென்னாத்தூரிலிருந்து பைக்கில் துரத்திக்கொண்டே வந்தார்கள். அவன் சந்துக்குள் ஓடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தான். அக்காவிடம் வந்து கேட்டார்கள்.

"பஸ் ஏறிட்டான்" என்றாள் சரசு.

ஒருவன் அவள் முழங்கைக்குக் கீழே வெட்டினான். சதை பிளந்து எலும்பு தெரிந்தது. அப்படியும் தம்பி தப்பவில்லை.

முருகவேலின் மனைவி எழிலரசி அந்தப் படத்தைப் போனில் பார்த்தாள். மறுநாள் காலை, கடையில் கூட்டம் நிற்கும்போது வந்தாள். வந்த வேகத்தில் சரசுவின் கொண்டையைப் பிடித்து இழுத்து, சாம்பார்க் கரண்டியால் முகத்தில் அடித்தாள். புருவம் கிழிந்தது. அண்டா சாய்ந்து, கொதிக்கும் சாம்பார் அவர்கள் இருவர் காலிலும் கொட்டியது.

"அன்னைக்கும் இப்படித்தான் கண்ணக் காட்டுனியா? என் புருசனக் கொன்னது நீதான்!"

அடுத்த அடி விழுவதற்குள் சரசு அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினாள்.

"கேளுடி! அன்னைக்கு நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. வெட்டுனப்பக்கூட தரையத்தான் பாத்தேன். ஷூட்டிங்ல அருவாளப் பாத்ததும் படம்னே தோணல. தம்பி உள்ள ஒளிஞ்சிருக்கான்னு தோணுச்சு. கண்ணு தானா போயிடுச்சு. டைரக்டர் நல்லா இருக்குன்னு அப்படியே வெச்சுக்கிட்டாரு."

"அப்ப எப்படி அவரக் கண்டுபுடிச்சானுங்க?"

சரசு கையை எடுத்தாள். புருவத்து ரத்தம் வாய்வரை வந்திருந்தது.

"உள்ள அவன் போன் அடிச்சுது."

"யாரு…" என்று ஆரம்பித்த எழிலரசி நிறுத்திக்கொண்டாள். சாப்பிட ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்க, அந்த நேரத்தில் அவனைக் கூப்பிட்டது அவள்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை.

"ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி?"

எழிலரசி கடையின் இரும்புக் கம்பத்தில் தன் தலையை மோதிக்கொள்ள ஆரம்பித்தாள். வெந்த காலோடு சரசு பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். அவள் திமிறித் திமிறி முட்டினாள். வல்லரசும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்துதான் பிடித்து நிறுத்த முடிந்தது.

வல்லரசின் ஆட்டோவிலேயே சரசுவும் எழிலரசியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புருவத்தில் தையல் போட்ட நர்ஸ், "யாரும்மா அடிச்சது?" என்று கேட்டாள்.

"சாம்பார் அண்டா சாஞ்சிடுச்சுங்க" என்றாள் சரசு. பக்கத்துக் கட்டிலில் எழிலரசி சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். கால் புண் ஆறும்வரை அவளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள் சரசு.