மில்லு வாய்க்கால் சாமி

பெக்கோக் தோட்டத்தில் எங்கள் சாமி இருக்கும் இடத்துக்குப் போக ஒரு வாய்க்காலைத் தாண்ட வேண்டும். தண்ணீர் இல்லாத வாய்க்கால். சின்ன வயதில் அது என்னைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. தோட்டத்து வடிகால் கான்கள் எல்லாம் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். இது மட்டும் ஆற்றிலிருந்து பிரிந்து, குன்றின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, இறங்காமலே போகும். இறங்காத வாய்க்காலில் தண்ணீர் எப்படி ஓடும்? அம்மாவிடம் கேட்டால், "அது வெள்ளக்காரன் காலத்துப் பலகை மில்லு வாய்க்கா, பேசாம வா" என்பார். மில்லு எங்கே என்று கேட்டால் அதற்கும் "பேசாம வா"தான்.

வாய்க்கால் போய் முடியும் இடத்தில், கரையோரமாக, இடுப்புயரத்துக்கு ஒரு கருங்கல். அதுதான் எங்கள் முனியாண்டி. கல்லின் மேல்பக்கம் அரைவட்டமாக, வழவழவென்று ஒரு குழி. அதைச் சாமியின் மடி என்பார்கள். தோட்டம் போட வந்த எங்கள் ஆட்கள் புதரை வெட்டியபோது கல் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்து நின்றதாம். நடுக்காட்டில் ஒரு கல்லுக்கு எண்ணெய் வைத்திருக்கிறார்கள் என்றால் அது சாமியைத் தவிர வேறு என்னவாக இருக்க முடியும்? அன்றைக்கே சுருட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டார்கள். பிள்ளை இல்லாதவர்கள் அந்த மடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து எடுத்து, சாறு பிழிந்து குடிப்பார்கள். அம்மா குடித்தார், நான் பிறந்தேன். என் பிறப்புக்கு எங்கள் வீட்டில் இது ஒன்றுதான் விளக்கம். அப்பாவின் பங்கைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லைக்கு இந்தப் பக்கம் தெப்ராவில் வீடு, அந்தப் பக்கம் சிங்கப்பூரில் வேலை, விடியுமுன்னே எல்லைப் பாலத்தில் நெரிசல். ஆனால் இரண்டாவது கருவும் தங்காமல் போனபிறகு, "ஒரு தடவை பெக்கோக்குக்குப் போயிட்டு வரலாம்மா" என்று அம்மா சொன்னபோது நான் வாதாடவில்லை. லீவு எடுத்தேன். பழம், சுருட்டு, நல்லெண்ணெய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அம்மா முன்சீட்டில் ஏறினார். அம்மாவுக்காகத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காரை ஓட்டினேன்.

போய் இறங்கினால் இடமே அடையாளம் தெரியவில்லை. புதரையெல்லாம் வெட்டி, வாய்க்காலைத் தூர் வாரி, இடிந்த கரையைப் புதுச் செங்கல் வைத்துக் கட்டியிருந்தார்கள். நிலத்தைப் புதிதாக வாங்கிய சீனர் ரப்பர் பூட்ஸோடு வந்து மலாயில் நலம் விசாரித்தார். கல்லில் எண்ணெயும் குங்குமமும் இருந்ததால் யாராவது வருவார்கள் என்று தொடாமல் விட்டுவைத்தாராம். பழைய மில்லைத் திரும்ப ஓடவைத்து, ஊரார் வந்து பார்க்கும்படி செய்யப்போவதாகச் சொன்னார். ஆசை ஆசையாக எல்லாவற்றையும் காட்டினார். வாய்க்கால் இறங்காமல் வருவது போலத் தெரிந்தாலும், கண்ணுக்குத் தெரியாத சரிவு அதில் உண்டாம். உயரத்தைக் காப்பாற்றத்தான் அப்படி வெட்டியிருக்கிறார்கள். இங்கே வந்ததும் தண்ணீர் மொத்தமாகச் சக்கரத்தின் மேல் விழும், சக்கரம் சுற்றும், ரம்பம் மரத்தை அறுக்கும். என் சின்ன வயதுக் கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்தது என்று சந்தோஷப்படப் பார்த்தேன். அதற்குள் அவர் எதிர்க்கரையைக் கைகாட்டினார்.

அங்கே, புதர் போன இடத்தில், இன்னொரு கல் நின்றது. அதே உயரம், அதே கறுப்பு, அதே மடி.

சக்கரத்தின் அச்சு இந்த இரண்டு கல்லின் மேலும்தான் உட்கார்ந்திருக்கும் என்றார். தேயாமல் இருக்க எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்பார்களாம். அச்சு சுற்றிச் சுற்றித்தான் குழி இப்படி வழவழப்பாகியிருக்கிறது என்றும் சொன்னார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்படியென்றால் நான் யார் கொடுத்த பிள்ளை? கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நான் நம்பாத ஒன்று பொய்யாகப் போனால் எனக்கென்ன நஷ்டம்? நம்பவில்லை என்றால், தலைக்குக் குளித்து, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏன் இவ்வளவு தூரம் ஓட்டி வந்தேன்? அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்கு மலாய் என்னைவிட நன்றாக வரும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சாதாரணமாக நின்றார்.

சீனர் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். புதுச் சக்கரம் தயாராகிவிட்டது, கல் வேண்டும். கல்லை விட்டுவிட்டுச் சாமியை மட்டும் அழைத்துப்போக முடியுமா என்று கேட்டார். அவர்கள் கோயிலிலும் அப்படிச் செய்வதுண்டாம். மேட்டில் இடம் தருகிறேன், கூரையும் போட்டுத் தருகிறேன் என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "செம்புல தண்ணி வச்சு அழைச்சா வந்துடுவாரு. எம்மாம் பெரிய சக்கரத்தைத் தாங்கியிருக்காரு பாரு! இத்தன நாளா சும்மா உக்காந்திருந்தவருக்கு வேலை வந்திருக்கு. குடுத்துடலாம்."

"வரலன்னா?"

"என்னது வரலன்னா?"

"செம்புக்குள்ள அவரு வரலன்னா என்னம்மா செய்வீங்க? கல்லுலயே இருந்துட்டா? இல்ல, கல்லுலயும் எப்பவுமே இல்லாமயே இருந்தா?"

கத்திவிட்டேன். கரையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கே என்னைப் புரியவில்லை. அம்மாவின் பையிலிருந்து பழத்தை எடுத்துக்கொண்டு போய்க் கல்லின் குழியில் வைத்தேன். அது அச்சு உட்கார்ந்த இடம் என்று நன்றாகத் தெரிந்தும்தான் வைத்தேன். வைத்துவிட்டு, கல்லை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"இதை யாரும் எடுக்கக் கூடாது."

"நீதான் இதெல்லாம் சும்மான்னு சொல்லுவியே," என்றார் அம்மா. குத்திக்காட்டவில்லை. அவருக்கும் புரியாமல்தான் கேட்டார்.

"உங்களுக்குக் குடுத்துச்சு இல்ல? எனக்கு இன்னும் குடுக்கலையேம்மா."

முன்பின் தெரியாத ஒரு மனிதர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன். சீனர் பதறிப்போய், மகள் என்ன சொல்கிறாள் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என் பக்கத்தில் வந்து நின்று, என் தோளில் கைபோட்டுக்கொண்டு, மலாயில் நிதானமாகச் சொன்னார். கல்லை அடுத்த வருஷம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள் என்று.