டிரைவர் முதுகில் பத்துக்கு நாலு

செருப்புக் கடையில் மற்றவர் கால்களைப் பிடித்தே காலம் தள்ளியவள், நாற்பதை நெருங்கும்போது பிசியோதெரபி படிக்கப் போனாள். வகுப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா. பாதத்துக்கு மேலே மனித உடம்பு அவளுக்குப் புதுசு. தசைகளின் பெயர்கள் வாயில் நுழைய மறுத்தன. நுழைந்தவை தலையில் தங்கவில்லை.

மற்ற பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் தொட்டுப் படித்தார்கள். அவளுக்கு வாய்த்தது பஸ் ஓட்டும் புருஷன்தான். சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுக்கச் சொன்னாள்.

"என்னங்க, தோள்பட்டை எலும்பு எங்க போச்சு? எங்க அமுக்கினாலும் கொழுப்புதான் வருது."

"கொழுப்பு உனக்குத்தான் ஜாஸ்தி. கூசுது, சீக்கிரம் முடி."

சொன்னவர் அப்படியே குறட்டை விட்டார். அவள் மகளின் மார்க்கரை எடுத்து, முதுகு முழுக்கத் தசைகளை வரைந்து பெயரும் எழுதினாள். அழியாத மை. காலையில் தேய்த்ததில் தோல்தான் சிவந்தது.

"விடு, யாரு பாக்கப் போறா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

போன இடத்தில் டிரைவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை.

சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, திரும்பி நின்று முதுகைக் காட்டினார். மேலே இருக்க வேண்டிய தசையும் கீழே இருக்க வேண்டிய தசையும் இடம் மாறியிருந்தனவாம். பரிசோதித்த டாக்டர் சிவப்புப் பேனாவில் போட்ட அம்புக்குறி. பிடரிக்குக் கீழே மதிப்பெண்: பத்துக்கு நாலு.

"மானமே போச்சு. அந்த டாக்டரம்மா நர்ஸை வேற கூப்பிட்டுக் காட்டுது."

"நாலா? படத்துக்காவது ஒண்ணு சேத்துப் போட்டிருக்கலாம்ல?"

"சிரிச்ச சிரிப்புல கையைத் தூக்கிக் காட்டச் சொல்ல மறந்துட்டாங்க. அதுவரைக்கும் தப்பிச்சேன்."

"கையைத் தூக்கினா என்னவாம்?"

அவர் தண்ணீர் குடிக்கப் போனார். அவள் விடவில்லை. வலது கையைப் பிடித்து உயர்த்தினாள். காது வரை போவதற்குள் "ஐயோ" என்று அலறினார். வேலைக்கு உலை வைத்துவிடும் என்று தோள்வலியை மாதக்கணக்காக மறைத்திருக்கிறார்.

"பக்கத்துல படுத்துத் தூங்கறேன், எனக்கே தெரியல பாருங்க," என்றாள். குரல் கொஞ்சம் இறங்கிப்போயிருந்தது.

மறுநாளே அவரைக் கல்லூரி சிகிச்சைப் பிரிவுக்கு இழுத்துப் போனாள். சொல்லித் தந்த பயிற்சிகளை வீட்டில் போலீஸ்காரி மாதிரி நின்று செய்ய வைத்தாள். எந்தத் தசை எதை இழுக்கிறது என்று அவர் போடும் கூச்சலை வைத்தே பிடிபட்டது. உடற்கூறியல் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறினாள். உடலியங்கியலில் ஊற்றிக்கொண்டது, அதை மறுபடி எழுத வேண்டும்.

அவர் கை இப்போது நன்றாகவே மேலே போகிறது. பரணில் இருந்து பெட்டியை எடுத்துத் தரச் சொன்னால் சாக்குச் சொல்ல வழியில்லாமல், முனகிக்கொண்டே எடுத்துத் தருகிறார்.