தலைகீழாக அளந்த அழுத்தம்

வெள்ளைச் சுவரில் சாய்ந்து நிற்கும் இரண்டு பாதங்கள். கிழக்குத் தாம்பரத்தில் நான் நடத்தும் கண் மருத்துவமனையை நினைத்தாலே அந்தக் காட்சிதான் முதலில் வரும். கீழே, தரையில் விரித்த ஜமுக்காளத்தில் யோகா சாரின் தலை. பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, அவர் கண்ணருகே கருவியை நீட்டும் நான்.

யோகா சார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேலையூரில் தங்கள் காலனிப் பூங்காவில் காலைதோறும் அக்கம்பக்கத்தாருக்கு யோகா சொல்லிக்கொடுப்பார். கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பை அழிக்கும் நோய் அவருக்கு. சொட்டு மருந்தை ஒரு வேளைகூடத் தவற விட மாட்டார். அழுத்தம் அளக்க அவரைப் போல ஒரு நோயாளி கிடைக்கவே மாட்டார். மற்றவர்களிடம் "மூச்சைப் பிடிக்காதீங்க, கண்ணை இறுக்காதீங்க, காலர் பட்டனைக் கழட்டுங்க" என்று கெஞ்சி மாளாது; இதில் எதைச் செய்தாலும் அளவு ஏறிவிடும். இவரோ சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார். அளவும் எப்போதும் நல்ல அளவாகவே இருக்கும்.

ஆனால் பக்கப் பார்வை மட்டும் வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வந்தது. எனக்கு மண்டை காய்ந்தது. காலையில் அளந்தேன், மாலையில் அளந்தேன், கருவியை மாற்றி அளந்தேன். எதிலும் குறையில்லை. இப்படியே போனால் வலது கண் போய்விடும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டியதுதான் என்று அவரிடமும் அவர் மனைவியிடமும் சொன்னேன்.

"ஆபரேஷன் பண்ணா ரெஸ்ட்ல இருக்கணுமே டாக்டர், இவரால முடியாதே" என்றார் அந்த அம்மா. "காலைல எழுந்ததும் தலைகீழா நின்னாதான் இவருக்குப் பொழுதே விடியும். நான் போட்ட காபி ஆறிப்போய்க் கெடக்கும்."

நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். நாங்கள் எல்லாரையும் உட்கார வைத்துத்தானே அளக்கிறோம்! தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று யார் பார்த்தது?

சார் லேசில் மசியவில்லை. "சிரசாசனம் கண்ணுக்கு நல்லதும்மா, ரத்த ஓட்டம் வரும்" என்று எனக்கே வகுப்பெடுத்தார்.

"சரி சார், இங்கயே ஒருவாட்டி நில்லுங்க. அளந்து பாத்துடலாம்."

பேனா அளவே உள்ள கருவி ஒன்று என்னிடம் உண்டு. எந்த நிலையிலும் அளக்கும். கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு விட்டேன். சார் அலட்டிக்கொள்ளாமல் தலைகீழாக நின்றார். நான்தான் தரையில் திணறினேன். கருவி 'பீப்' என்றது. உட்கார்ந்திருந்தபோது பதினான்கு, இப்போது முப்பத்திரண்டு! இன்னொரு முறை அளந்தேன். அதேதான். "புடிச்சிட்டேன் சார்!" என்று கத்திவிட்டேன்.

"எவ்ளோம்மா?" என்றார் தலைகீழாகவே. சொன்னேன். கால்களை மெல்ல இறக்கி, தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். "அப்போ நானேதான் கெடுத்துக்கினு இருந்தேனா?" என்று அவர் கேட்டதும் என் ஆரவாரமெல்லாம் அடங்கிப் போயிற்று.

அன்றோடு சிரசாசனத்தை நிறுத்தினார். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. பக்கப் பார்வை அதற்குமேல் சுருங்காமல் இன்றும் அப்படியே இருக்கிறது. இப்போதெல்லாம் கண் அழுத்தம் பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் காலையில் என்ன செய்வீர்கள் என்று கேட்ட பிறகுதான் கருவியையே எடுக்கிறேன்.

அவரைத் தலைகீழாக அளந்த அதே வாரம், ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரே கூட்டம். யோகா சார் தன் பூங்கா வகுப்பையே கிளப்பிக்கொண்டு வந்திருந்தார்.

"என் கண்ணு போனது போகட்டும் டாக்டர். இவங்களுக்கும் தலைகீழா நிக்க நான்தான் கத்துக் குடுத்தேன். மொதல்ல இவங்களப் பாருங்க."

ஒருவர் பின் ஒருவராக எல்லாரையும் பார்த்தேன். பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது; யோகா சார் நின்றுகொண்டே இருந்தார். கடைசி ஆளுக்கும் நரம்பு நன்றாக இருக்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.