எங்கள் கோயிலில் ஒரே பாத்திரம்

ஆந்திர எல்லையில், தடாவில் எங்கள் கோயில் சின்னது. திருவிருந்துச் சாமான்களைக் கழுவி மேசையில் வைக்கிற வேலை பல வருஷமாக என்னுடையது. வெள்ளிப் பாத்திரம் ஒன்றுதான். போதகர் அதை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வருவார், எல்லாரும் அதிலேயே திராட்சரசம் குடிப்போம். கொரோனா நேரத்தில் மட்டும் ஆளுக்கொரு குட்டி பிளாஸ்டிக் கிண்ணம் வாங்கினோம். நோய் போனதும் அதையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டோம்.

பக்கத்து ஸ்ரீ சிட்டி கம்பெனியில் நான் வேலை பார்க்கிற லைனில் எனக்கு அடுத்து நிற்பவள் ஓர் ஒடிசாப் பெண். போன வருஷம் என்னோடு கோயிலுக்கு வர ஆரம்பித்தாள். தமிழ் கொஞ்சம், தெலுங்கு அரைகுறை. ஆனாலும் பாட்டுக்குக் கை தட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஞானஸ்நானம் எடுத்தாள். முதல் திருவிருந்துக்குப் போதகர் ஒரு ஞாயிறு குறித்துக் கொடுத்தார். அந்த நாளை நினைத்து நினைத்து அவள் லைனில் தானாகவே சிரித்துக்கொண்டிருப்பாள்.

உடனே எங்கள் ஆட்களுக்குச் சுத்தம் ஞாபகம் வந்துவிட்டது! வடக்கேயிருந்து வருகிறவர்கள், எந்த ஜனமோ என்னவோ, புதியவர்களுக்கு மட்டும் குட்டிக் கிண்ணத்தில் கொடுக்கலாம் என்று கமிட்டியில் பேசினார்களாம். அதற்குத் தலையாட்டிவிட்டு வந்தவர் யார்? கோயில் செயலாளரான என் வீட்டுக்காரர்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்யா, உங்க நைனா டீக்கடைக்கு வெளிய நின்னுக்கினு தனி கிளாஸ்ல குடிச்சாரே, மறந்துபோச்சா? இங்கதான் ஆள் பாக்காம குடுக்கறாங்கன்னுதானே அவரு இந்தக் கோயிலுக்கே வந்தாரு?"

"இன்னாமே, நான் மட்டுமா சொன்னேன்? நாலு பேரு சொல்றப்ப இன்னா பண்றது?" என்று முனகினார்.

"ஆண்டவரு ஒடிசாவுக்குத் தனியா, தடாவுக்குத் தனியாவா ரத்தம் சிந்தினாரு? அந்தக் குட்டிக் கிண்ணத்த நான் தொட மாட்டேன். வேணும்னா நீயே கழுவி வெச்சுக்கோ."

சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தாள். யாரோ புண்ணியவான் அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு புது எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் காட்டிச் சிரித்தாள். "பர்வாலேது அக்கா. நானே கொண்டாந்துட்டேன். யாருக்கும் கஷ்டம் வேணாம்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. எழுந்து கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "எடுத்துக்கினு போடி. நாளைக்கு என் பக்கத்துல வந்து முட்டி போடு" என்று திட்டித்தான் அனுப்பினேன்.

மறுநாள் மேசையில் வெள்ளிப் பாத்திரத்தை மட்டும் வைத்தேன். கமிட்டிக்காரர்கள் என்னை முறைத்தார்கள். முறைக்கட்டும். போதகர் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜெபத்தை ஆரம்பித்தார்.

பீடத்துக்கு முன்னால் நான் முழங்காலிட்டேன். எனக்கு அடுத்து அவள். அவளுக்கு அந்தப் பக்கம் இடம் காலியாகவே கிடந்தது. அவளுக்கு அடுத்துக் குடிக்க ஒருவரும் வரவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. தலை இன்னும் தாழ்ந்தது.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். எப்போதும் கடைசியாக வருகிற மனுஷன். அத்தனை பேரும் பார்க்க, நேராக வந்து அவளுக்கு அடுத்து முழங்காலிட்டார்.

நான் குடித்ததும் அவள் குடித்தாள். ஒவ்வொருவர் குடித்ததும் பாத்திரத்தின் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைப்பது எங்கள் போதகர் வழக்கம். துணியை எடுத்தார்.

"தொடைக்காதீங்கய்யா" என்றார் என் வீட்டுக்காரர். மெதுவாகப் பேசுகிறவர்தான், அன்று கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "அப்டியே குடுங்க."

வாங்கிக் குடித்தார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதில் அந்த ஆளை நினைத்து நான் அவ்வளவு பெருமைப்பட்டதே இல்லை. பின்வரிசையிலிருந்து கமிட்டிக்காரர்களில் ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவருக்கு அடுத்து முழங்காலிட முன்னால் வந்தார்.