வீட்டோடு சேர்ந்த கக்கூஸ்

உலகச் சண்டை நடந்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்தன. மதுரைக்கும் சோழவந்தானுக்கும் போய்வந்த ஒரு பஸ்ஸில் நான் கண்டக்டர். கூரையில் ஏற்றிய வெற்றிலைக் கூடைகளை இறக்கிக் கொடுப்பதும் என் வேலைதான். ஒரு நாள் காலையில், தண்ணீர் தெளித்து ஈரமாக இருந்த கூடை ஒன்றைப் பிடித்து இழுத்தபோது கால் வழுக்கி, கூடையோடு ரோட்டில் விழுந்தேன். வலது தொடை எலும்பு முறிந்தது.

பெரியாஸ்பத்திரியில் காலை நீட்டிக் கட்டி, முனையில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு மாதக்கணக்கில் படுக்க வைத்திருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது. முழங்கால்தான் அதன் பிறகு மடங்கவே இல்லை. வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு டாக்டர் வந்து முட்டியைத் தட்டிப் பார்த்தார். “இனி இது இப்படித்தான். கம்பு ஊன்றி நடக்கலாம், கொஞ்ச நாளாகும். ஆனால் குத்தவைத்து உட்கார முடியாது” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நானும் தலையை ஆட்டினேன். உட்கார முடியாவிட்டால் என்ன, நின்றுகொண்டு இருப்போம் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் ஊர் கீழக்குயில்குடிக்குப் பக்கத்தில், சமணமலையைப் பார்த்தாற்போல இருக்கிறது. வீட்டில் அய்யாவும் நானும் என் மனைவியும்தான். ஆத்தா எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் பலகை மாதிரி அகலமான ஒரு பட்டியக்கல்லைப் போட்டு, நாலு பக்கமும் பனையோலைத் தட்டி கட்டியிருந்தோம். அதுதான் குளிக்கிற இடம். மற்றதற்கு ஊரே ஓடைக்குத்தான் போகும். விடிவதற்கு முன்னால் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வேறு வழி ஒன்று இருக்கிறது என்று அங்கே யாரும் நினைத்ததில்லை.

என்னை ஓடைக்குக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அய்யா ஒரு பக்கம், என் மனைவியின் தம்பி ஒரு பக்கம். அவன் மதுரையில் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். எனக்கு இப்படி ஆனதும் வேலையை விட்டுவிட்டு வந்து எங்களோடு தங்கிவிட்டான். ஓடைக்குப் போனதும் இருவரும் என் கக்கத்தில் கை கொடுத்துத் தொங்கவிட்டபடி பிடித்துக்கொள்வார்கள். மடங்காத கால் குச்சி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அய்யா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். பெற்ற தகப்பனை அந்த வேலைக்கு வைத்துக்கொண்டு ஒரு மனிதனுக்கு வயிறு எப்படி இளகும்? பாதி நாள் ஒன்றும் ஆகாமலே திரும்பி வருவோம்.

ஒரு நாள் அய்யாவுக்கு மணலில் கால் சறுக்கியது. மூன்று பேரும் விழுந்தோம். நான் கீழே, அசிங்கத்தின் மேலே. எழுந்திருக்க முடியவில்லை. வயலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். எனக்குத் தெரிந்த ஆட்கள். என் பஸ்ஸில் ஏறுகிறவர்கள். ஒருவர் தன் துண்டை அவிழ்த்து என் இடுப்பில் கட்டிவிட்டார். “அய்யோ பாவம்” என்றுகூட யாரும் சொல்லவில்லை. கட்டிலில் வைத்து வீடு வரைக்கும் கூடவே வந்தார்கள்.

அன்றிலிருந்து நான் சாப்பாட்டை நிறுத்தினேன். உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே வரவும் ஒன்றும் இருக்காது என்று தோன்றியது. மனைவி வைத்துவிட்டுப் போகும் கஞ்சியையும் சோற்றையும் கட்டிலுக்கு மேலிருந்த ஜன்னல் வழியாக வெளியே கொட்டினேன். தண்ணீரை நாக்கு நனைகிற அளவுக்கு மட்டும் குடித்தேன். உதடு வெடித்தது. தலை சுற்றியது. ஆனாலும் ஓடைக்குப் போக வேண்டியதில்லை என்ற நிம்மதி பெரிதாக இருந்தது.

காட்டிக்கொடுத்தது எங்கள் ஆடு. சோற்றுக்கு ருசி கண்டு, சாப்பாட்டு நேரம் வந்தால் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று கத்த ஆரம்பித்தது. மனைவி தட்டோடு வந்தவள் ஜன்னலை எட்டிப் பார்த்தாள். ஆட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“எம்புட்டு நாளா இது நடக்குது?”

“எனக்குப் பசிக்கல.”

“பொய் சொல்லாதீங்க.”

“என்னைய அங்க தூக்கிட்டுப் போக வேண்டாம்னு சொல்லு. வேற எதுவும் நான் கேக்கல” என்றேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து கடப்பாரைச் சத்தம் கேட்டது. ஓலைத் தட்டிகளைப் பிய்த்து எறிந்துவிட்டு அவள் பட்டியக்கல்லை நெம்பிக்கொண்டிருந்தாள். கல் இரண்டாக உடைந்த சத்தமும் கேட்டது. வயலிலிருந்து திரும்பிய அய்யாவின் குரல் அதற்கு மேல் கேட்டது.

“என்னத்தா பண்ற? குளிக்கிற எடத்தப் பேத்துப் போட்டிருக்க?”

“இங்கன கக்கூஸ் கட்டப் போறேன் மாமா. குளிக்கிறதும் அங்கனயேதான். அவுக அறைச் செவுத்துல வாசல் வச்சு, உள்ளருந்தே வாரமாதிரி.”

“வீட்டோட சேத்தா? சாமி கும்புடுற வீடுத்தா இது. செவுத்துக்கு அந்தப் பக்கம் பீக்குழி வெட்டுவியா? ஊரு காறித் துப்பும்.”

“உங்க மகன் சோறு திங்கிறதில்ல மாமா. ஆடுதான் திங்குது. ஏன்னு போயி அவுககிட்ட நீங்களே கேளுங்க.”

அய்யா வந்து என் அறை வாசலில் நின்றார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். கோபித்துக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று மனைவி நினைத்தாள். பொழுது சாய்கிற நேரத்தில், மலையடிவாரத்தில் பொறுக்கிய கற்களை வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். கல்லை இறக்கிப் போட்டுவிட்டு, “கெணத்துப் பக்கம் வேண்டாம். வடக்கால தள்ளிக் குழியத் தோண்டுங்க” என்றார்.

கொத்தனார் யாரும் கிடைக்கவில்லை. பட்டாளத்துக்குக் கொட்டகை கட்டும் வேலைக்கு எல்லாரும் போய்விட்டார்கள். மைத்துனன் அலைந்து ஒரே ஒருவரைக் கண்டுபிடித்தான். அவரும் தை பிறக்கட்டும் என்றார். என்ன வேலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், வீட்டோடு சேர்த்து அந்த மாதிரிக் காரியத்தைச் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சிமெண்டைக் கண்ணால் பார்க்க முடியாத காலம். சுண்ணாம்பு சுடுகிற காளவாசலில் அது மட்டும் கொஞ்சம் கிடைத்தது. கல்மேல் கல் வைத்துப் பழகாத மூன்று பேர் வேலையைத் தொடங்கினார்கள். அய்யாவுக்கு வரப்புப் போடத் தெரியும். மனைவிக்குத் தரை மெழுகத் தெரியும். மைத்துனனுக்குத் தூக்கத் தெரியும்.

நான் உள்ளே படுத்தபடி எல்லாவற்றையும் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றியதும் அது கொதிக்கும் என்று மைத்துனனுக்குத் தெரியவில்லை. அவன் அலறியதைக் கேட்டு எழுந்திருக்கப் பார்த்து, கட்டிலிலிருந்து சரிந்தேன். கை முழுக்கக் கொப்புளத்தோடு அவன்தான் வந்து என்னைத் தூக்கிப் படுக்க வைத்தான். மனைவி சுண்ணாம்பையும் மணலையும் உலக்கையால் இடித்துக் குழைத்தாள். அந்த உலக்கைச் சத்தம் என் நெஞ்சில் விழுகிற மாதிரி இருக்கும். அவள் உள்ளங்கை உரிந்து, சாப்பாடு பிசைய முடியாமல் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டாள். இதெல்லாம் எதற்காக? நான் வெளிக்குப் போவதற்காக. ஒரு மனிதனின் உயிர் வந்து நிற்கிற இடத்தைப் பார் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொள்வேன்.

அதுவரைக்கும் ஒரு மண்சட்டிதான். மேலே ஒரு கிழிந்த துணியைப் போட்டு மூடி அவள் எடுத்துக்கொண்டு போவாள். கடமைக்கு ரெண்டு கவளம் தின்றுவிட்டுப் போதும் என்பேன். அவள் எதிரிலேயே உட்கார்ந்து நான் விழுங்கும் வரை நகர மாட்டாள்.

சுவர் ஆள் உயரத்துக்கு வந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சுண்ணாம்பு போதாமல் பாதிக்குமேல் செம்மண்ணைக் குழைத்து வைத்திருந்தார்கள். ஒரு மத்தியானம், பெரிய மாடு ஒன்று பொத்தென்று படுத்த மாதிரி ஒரு சத்தம். பிறகு மழைச் சத்தம் மட்டும். மனைவி தலை முதல் கால் வரை நனைந்து, சேறும் சகதியுமாக வந்து என் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள்.

“விழுந்துருச்சு” என்றாள்.

“யாருக்கும் அடி இல்லையே?”

“இல்ல.”

“விட்டுரு” என்றேன். “ஒந் தம்பியக் கூட்டிக்கிட்டு ஒங்க ஊருக்குப் போயிரு. ஒனக்கு வயசிருக்கு. அய்யா என்னையப் பாத்துக்கிருவாரு. நான் இன்னும் எம்புட்டு நாளைக்கு?”

அவள் சேலை முனையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பின்பக்கக் கிணறு என் கட்டிலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. ஆனால் அதுவரை நடந்து போகக்கூட யாராவது என்னைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு நினைப்பு வந்ததை அவளிடம் அன்றும் சொல்லவில்லை, பின்னாலும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும். மறுநாள் கிணற்று வாயில் பனங்கட்டைகளை அடுக்கி, தண்ணீர் இறைக்கிற அளவுக்கு மட்டும் இடம் விட்டு மூடியிருந்தாள்.

மழை வெறித்ததும் அய்யா சரிந்த கல்லையெல்லாம் அகற்றிவிட்டுப் பார்த்தார். அஸ்திவாரம் என்று ஒன்று போடவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குப் பட்டது. “வரப்புன்னு நெனச்சுக் கட்டிப்புட்டேன்” என்று தலையில் அடித்துக்கொண்டார். முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, பெரிய கல்லாகப் பார்த்து அடியில் போட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். மைத்துனன் ஒரு கயிற்றால் என் கட்டிலின் உயரத்தை அளந்துகொண்டு போய், அதே உயரத்துக்குச் செங்கல்லில் மேடை கட்டி, நடுவில் ஓட்டை விட்டான். கீழே சாய்வாகக் கல் பாவி, தண்ணீர் ஊற்றினால் எல்லாம் சுவருக்குப் பின்னால் இருக்கிற குழிக்குப் போகிற மாதிரி செய்தான். மேலே ஓடு. என் அறைச் சுவரை உடைத்து வாசல் வைத்து, தகரக் கதவு போட்டார்கள்.

எல்லாம் முடிந்தது என்று ஒரு காலையில் என்னைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனார்கள். சுண்ணாம்பு வாசனையும் ஈரமும் மூக்கில் ஏறியது. மேடையில் உட்கார வைத்தார்கள். உட்கார முடியவில்லை. நீட்டிய காலின் குதிங்கால் எதிர்ச் சுவரில் முட்டியது. பின்னால் தள்ளி உட்கார இடமில்லை. காலைச் சாய்த்தால் தொடை கதறியது. மடங்காத காலுக்காகத்தான் அத்தனை பாடும். அந்தக் காலின் நீளத்தை யாரும் அளக்கவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

அய்யா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அவள் அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான். ஆஸ்பத்திரியில் அழவில்லை, சுவர் விழுந்தபோதுகூட அழவில்லை.

“இடிக்கணும்” என்றேன். “இல்லாட்டி விட்டுருங்க. என்னைய விட்டுருங்க.”

மைத்துனன் என் குதிங்காலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அடுப்படிக்குப் போய் ஒரு கரித்துண்டோடு வந்தான். என் பாதத்தைச் சுற்றிச் சுவரில் ஒரு பெரிய வட்டம் போட்டான்.

“மச்சான், காலை எடுங்க.”

“என்னடா பண்ணப் போற?”

“வெளக்கு வைக்க மாடம் வைக்கிறோமில்ல? கால் வைக்க ஒண்ணு வச்சா என்ன?”

“மறுக்கா விழுந்துரும்டா!” என்று அய்யா எழுந்து வந்தார். அதற்குள் அவன் உளியை வைத்துத் தட்ட ஆரம்பித்துவிட்டான். ஒரு கல் வந்தது. மேலே இருந்த கற்கள் லேசாக இறங்கின, ஓட்டுக்கூரை கிறீச்சிட்டது. அய்யா இரண்டு கையாலும் சுவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். மனைவி ஓடிவந்து உலக்கையை முட்டுக்கொடுத்தாள். என்னைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் நான் மேடையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். உடைந்த பட்டியக்கல்லின் ஒரு துண்டை அவன் தூக்கிக்கொண்டு வந்து, பொந்துக்கு மேல் பாரம் தாங்குகிற மாதிரி சொருகினான். சுவர் நின்றது.

பூச்சுக் காய்கிறவரை பொறுத்திருந்தோம். அதன் பிறகு ஒரு நாள் என்னை உட்கார வைத்து, காலைத் தூக்கி அந்தப் பொந்துக்குள் வைத்துவிட்டு எல்லாரும் வெளியே போனார்கள். எட்டித் தகரக் கதவை நானே இழுத்துச் சாத்தினேன். என் உடம்பின்மேல் யாருடைய கையும் இல்லை. யார் மூச்சும் கேட்கவில்லை. விழுந்த நாளிலிருந்து வெளிக்கு இருக்கையில் நான் தனியாக இருந்தது அப்போதுதான்.

வெகுநேரம் ஆகியும் நான் கூப்பிடாததால், “என்னங்க, முடிஞ்சுதா?” என்றாள் மனைவி. நான் கதவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. “நீங்க ரெண்டு பேரும் போங்க, நான் இருக்கேன்” என்று அய்யாவையும் தம்பியையும் அனுப்புவது கேட்டது. அன்றைக்கு மத்தியானம் நான் தட்டு நிறையச் சாப்பிட்டேன். இன்னும் வை என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

குளிக்கிற பக்கத்துத் தரையில் வாட்டம் தப்பாக அமைந்துவிட்டது. ஊற்றுகிற தண்ணீர் குழிக்குப் போகாமல் என் கட்டிலுக்கடியில் வந்து நிற்கும். அதைச் சரிசெய்ய யாருக்கும் தெம்பில்லை. மனைவி தினமும் விளக்குமாற்றால் தள்ளிவிடுவாள். அய்யா சாகிற வரைக்கும் ஓடைக்குத்தான் போனார். அந்தத் தகரக் கதவுக்குள் ஒரு தடவைகூட நுழையவில்லை. ஊரிலும் பேச்சு இருந்தது. கொஞ்ச காலம் எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

அடுத்த ஆடியில் நான் கம்பை ஊன்றி வாசல்வரை நடக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு அம்மா கொல்லைப் பக்கமாக வந்து மனைவியிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவி உள்ளே வந்தாள்.

“அவுக மகளுக்குப் புள்ள பொறந்து ரொம்ப முடியலையாம். ஓடை வரைக்கும் நடக்க முடியல. நம்ம கக்கூஸுக்குக் கூட்டிட்டு வரவான்னு கேக்குறாக.”

“வரச் சொல்லு” என்றேன்.

அதற்கு வழி என் அறைக்குள்தான். நான் கம்பை எடுத்துக்கொண்டு வெளியே போய், வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன்.