சீதன வீட்டைக் கேட்டு வந்த கடல்

என் மனிசன் மடுத்தீனைப் பற்றி எங்கள் ஊர் பேசாலையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதில் பாதி பொய். உண்மை அதைவிட மோசம். அதனால்தான் நானே சொல்கிறேன்.

அந்த மனிசனுக்கு ஒன்றிடமும் தோற்கத் தெரியாது. ஒருநாள் கட்டாக்காலிக் கழுதை ஒன்று வேலிக்கு மேலால் தலையை நீட்டி, கொடியில் காயப்போட்டிருந்த அவருடைய சாரத்தைத் தின்றுவிட்டது. வேறொருவர் என்றால் இரண்டு தூஷணம் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார். இவர் கழுதையைத் தேடித் தலைமன்னார் றோட்டால் போனார். மன்னார்த் தீவில் இருக்கிற கழுதைகளுக்குள் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். "முகம் தெரியும்" என்றார். பின்னேரம் திரும்பி வந்தபோது ஒரு காலில் செருப்பு இருக்கவில்லை. வென்றாரா தோற்றாரா என்று நான் கேட்கவும் இல்லை. கழுதையோடு மல்லுக்கு நின்ற ஆள், கடலோடு நிற்கமாட்டாரா?

எங்கள் ஓட்டு வீடு என் அப்பா எனக்குச் சீதனமாகத் தந்தது. நாங்கள் கலியாணம் முடித்த காலத்தில் வாசலில் நின்று கத்தினால் கரையில் நிற்கிற ஆளுக்குக் கேட்காது. இடையில் தென்னைகள் நின்றன. அதற்கங்கால், அடம்பன் கொடி படர்ந்த மணல் திட்டி. பிறகு வருஷா வருஷம் கடல் கிட்டக் கிட்ட வந்தது, தென்னைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆமி எந்த ஒழுங்கையால் வருவான், கடல் தொழிலுக்குப் போகப் பாஸ் கிடைக்குமா, ஷெல் எங்கே விழும் என்று பயந்து சாகிற காலம் அது. தண்ணீர் வருகிறது என்று யார் கவலைப்பட்டார்கள்?

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு எங்கள் ஒரே மகள் ஜெசிந்தாவுக்குக் கலியாணம் சரிவந்தது. நாங்கள் பேசியது ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுச் சலேத்தம்மாவின் மகன் பேதுருவும் இவளும் வேலிக்கு மேலால் கதைத்துக் கதைத்துத் தாங்களே முடிவெடுத்துவிட்டார்கள். சலேத்தம்மா புருஷனை இழந்து, தனியாக நின்று மகனை வளர்த்தவள். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். வந்து கதிரையில் இருந்துகொண்டு ஒரே சொல்லில் முடித்தாள்.

"பெடியனும் பெட்டையும் விரும்பினா நான் குறுக்க நிக்கமாட்டன் திரேசம்மா. ஆனா சீதனமா இந்த வீடு வேணும். வீடு நிண்டாத்தான் கலியாணம்."

"வீடு எங்க ஓடப்போகுது?" என்று இவர் சிரித்தார். பாவி மனிசன்!

நிச்சயத்துக்கு ஆட்கள் வருவார்கள், முற்றத்தில் கதிரை போட இடம் காணாது என்று மண்வெட்டியைத் தூக்கினார். அந்த மணல் திட்டியை வெட்டிச் சமப்படுத்தினார். அடம்பன் கொடியை வேரோடு பிடுங்கிக் குவித்து, கழுதைகளுக்குப் போட்டார். கழுதைகள்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. நானும் சும்மா இருக்கவில்லை, விளக்குமாற்றோடு பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். நிச்சயத்தன்று சலேத்தம்மா கரையில் நின்று பார்த்து, "இப்பதான் வீடு வடிவாத் தெரியுது" என்றாள்.

கடலுக்கும் வடிவாகத் தெரிந்திருக்க வேண்டும். கார்த்திகையில் வாடைக்காற்று எழும்பியதும், தடுக்கத் திட்டியும் இல்லை, மண்ணைப் பிடிக்கக் கொடியும் இல்லை, அலை நேரே முற்றத்துக்கு வந்தது. முதலில் போனது கக்கூஸ். போகும்போது இவர் உள்ளே இருந்தார்.

"மாதாவே, என்னைக் கைவிடாதேயும்!" என்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் கக்கூஸ் சுவர் மூன்றும் கடலில் கிடக்கின்றன. கதவு மட்டும் நிலையோடு நிற்கிறது. இவர் அதன் பின்னால் குந்தியிருக்கிறார்.

"கதவத் திறந்துகொண்டு வாங்கோவன்" என்றேன்.

"ஏலாது. வெளியால ஆக்கள் நிக்குதுகள்."

மற்ற மூன்று பக்கத்தாலும் ஊர் பார்த்துக்கொண்டிருப்பதை அவருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்றைக்கே யுத்தம் தொடங்கிவிட்டது. நாட்டில் நடந்ததைச் சொல்லவில்லை, எங்கள் முற்றத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மண்மூடை அடுக்கிக் கடலை மறிக்கப் போகிறேன் என்றார். சாக்கு கிடைக்கவில்லை. அலுமாரியைத் திறந்தார். தலையணை உறை, படுக்கை விரிப்பு, என் பாவாடைகள், கடைசியில் என் கூறைச் சேலை, எல்லாவற்றையும் வெட்டித் தைத்து மண் நிரப்பி வரிசையாக அடுக்கினார். கரையால் போகிறவர்கள் நின்று என் உடுப்பையெல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் சுவரோடு தலையை மோதினேன். "உடுப்பு வாங்கலாம், வீடு வாங்கேலுமோ?" என்று என்னையே கேட்டார்.

மறுநாள் ரோந்து வந்த ஆமிக்காரர் மூடை வரிசையைக் கண்டு நின்றுவிட்டார்கள். கடலைப் பார்த்து மண்மூடை அடுக்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கோப்ரல் ஒருவன் துவக்கை நீட்டி இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். இவருக்குத் தெரிந்த சிங்களம் பத்துச் சொல். அதில் மூன்றை எடுத்தார்.

"முஹுதெங் எனவா, மஹத்தயா!"

கடலில் இருந்து வருகிறது, ஐயா. தண்ணீர் என்ற சொல்லை விட்டுவிட்டார். அந்த வருஷங்களில் கடலில் இருந்து வருகிறது என்று ஆமிக்காரனிடம் சொன்னால் அவனுக்கு ஒரே அர்த்தம்தான், இயக்கத்தின் படகு. அத்தனை பேரும் தொப்பென்று மணலில் விழுந்து, என் பாவாடை மூடைகளின் மேல் துவக்கை வைத்துக் கடலைக் குறி பார்த்தார்கள். இவரும் ஏன் எதற்கு என்று தெரியாமல் பக்கத்தில் விழுந்து படுத்தார். ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு பெரிய அலை வந்து எல்லாரையும் சேர்த்து நனைத்தது. இவர் எழும்பிக் கையை நீட்டி, "மேக்க! மேக்க!" என்று கத்தினார். இதுதான், இதுதான் என்று அர்த்தம். கோப்ரல் மூக்கில் புகுந்த உப்புத் தண்ணீரைச் சீறிவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. ஆனால் மூடைகளை அன்றைக்கே பிரிக்கச் சொல்லிவிட்டான். பங்கர் மாதிரி எதுவும் கரையில் இருக்கக்கூடாதாம்.

அந்தக் கிழமையில்தான் கரையோரக் கந்தோரில் இருந்து சரிபுதீன் என்ற உத்தியோகத்தர் அளவு நாடாவோடு வந்தார். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். தொண்ணூறில் ஊர் முஸ்லிம் சனத்தோடு சேர்த்து இயக்கத்தால் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இருந்துகொண்டு வேலைக்காக வந்து போகிறவர். என் மனிசன் கல் அணை கட்டப் போவதாகச் சொன்னதும், வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"கல்லுப் போடாதேங்கோ அண்ணன். இதில மறிச்சா அது பக்கத்துக் காணியில போய் அரிக்கும். கடலுக்குக் கொஞ்சம் இடம் விடுங்கோ. திட்டிய வளர விடுங்கோ, அடம்பன் நடுங்கோ, வீட்டப் பின்னுக்கு எடுங்கோ. உலகம் சூடாகுது, துருவத்தில பனி உருகுது. கடல் இனி ஏறத்தான் போகுது."

"அங்க பனி உருகினா இஞ்ச என்ர கக்கூஸ் ஏன் விழவேணும்?" என்று இவர் சீறினார். "உருகவேண்டாமெண்டு ஒரு கடிதம் போடுங்கோ. நீங்கள் அரசாங்கம்தானே!"

சரிபுதீன் கோபிக்கவில்லை. நான் கொடுத்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "வீட்ட விட்டு எழும்புறது லேசில்ல அக்கா, எனக்குத் தெரியும். எருக்கலம்பிட்டியில எங்கட வீடு அப்படியே நிக்குது. நாங்கள்தான் அதில இல்ல." இன்னொரு பிளேன்ரீ ஊற்றினேன்.

இவர் கேட்டாரா? லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஷெல் விழுந்து இடிந்த பழைய கட்டிடத்தின் கொங்கிறீற் துண்டுகளை ஏற்றி வந்து வீட்டுக்கு முன்னால் கொட்டினார். சும்மா சொல்லக்கூடாது, கடல் நின்றது. அலை வந்து கல்லில் முட்டித் திரும்பியது. இவர் முற்றத்தில் கதிரையைப் போட்டு, கால் மேல் கால் போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்து, "வா, இப்ப வா பாப்பம்!" என்றார்.

கடல் வந்தது. ஆனால் இவரிடம் வரவில்லை. கல் முடிகிற இடத்தில் திரும்பிச் சலேத்தம்மாவின் காணிக்குள் போனது. முதலில் அவளுடைய கிணற்றில் உப்புத் தண்ணீர். பிறகு வேலி. ஒரு விடிகாலையில் அகப்பையோடு வந்து எங்கள் வாசலில் நின்றாள்.

"என்ர குசினி எங்க?"

எட்டிப் பார்த்தேன். அடுப்பும் குசினியும் இருந்த இடத்தில் ஒரு நண்டு ஓடிக்கொண்டிருந்தது.

"சீதன வீட்டைக் காப்பாத்த மாப்பிள்ளை வீட்டைக் கடலுக்குக் குடுத்திட்டியளோ? நாசமாப் போவீங்கள்! கலியாணமும் வேண்டாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம்!"

அவளுடைய சாபம் அடுத்த நாளே பலித்தது. கடல் கல்லின் மற்றப் பக்கத்தாலும் சுற்றி வந்து எங்கள் வீட்டின் அடியில் மண்ணை உருவியது. ஜெசிந்தாவின் அறைச் சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்தது. கோயிலில் இரண்டு ஞாயிறு கலியாண அறிவித்தல் சொல்லியாகிவிட்டது, இன்னும் ஒன்றுதான் பாக்கி. தவக்காலம் தொடங்கினால் கலியாணம் வைக்க முடியாது. இவர் வெடிப்பில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிசன் அப்படி நின்று நான் கண்டதே இல்லை.

"இஞ்சேரும் திரேசு, என்ர பிள்ளைக்குக் குடுக்க என்னட்ட வேற ஒண்டும் இல்லையே" என்றார். திட்டுவதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன், அவர் கையைப் பிடித்து வெடிப்பில் இருந்து எடுத்துவிட்டேன். ஜெசிந்தா உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் ஞாயிறு தலையிடி என்று சொல்லி அவள் பூசைக்கு வரவில்லை. பேதுருவும் வரவில்லை. பங்குச் சுவாமி கடைசி அறிவித்தலை வாசித்து, இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்றார். வழமையில் அந்த இடத்தில் ஒருவர் இருமுவார், அவ்வளவுதான். அன்றைக்குச் சலேத்தம்மா எழும்பினாள்.

"தடை இருக்கு சுவாமி."

"என்ன தடை? முறையில்லாத சொந்தமோ? முன்னம் ஒரு கலியாணமோ?"

"கடல், சுவாமி."

சுவாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடலைத் தடையாகத் திருச்சபை ஏற்றுக்கொள்வதில்லை என்றார். இவர் தன் இடத்தில் இருந்து எழும்பி, "கடல் கலியாணத்துக்குத் தடையில்ல, எனக்குத்தான் தடை!" என்றார். பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். பாடகர் குழு எப்போது பாடுவதென்று தெரியாமல் பாடத் தொடங்கியது. ஒருவழியாகப் பூசை முடிந்தது. சுவாமி, தானே வந்து வீட்டைப் பார்ப்பதாகச் சொல்லி இறங்க, ஊர் முழுக்க ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு அவருக்குப் பின்னால் வந்தது.

வந்து பார்த்தால் எங்கள் வீட்டுக்குக் கூரையில் பாதி இல்லை.

பேதுரு மேலே கூரை வளையில் குந்தியிருந்து ஓட்டைக் கழற்றிக் கழற்றிக் கீழே கொடுக்கிறான். ஜெசிந்தா தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு வாங்கி அடுக்குகிறாள். கதவுகளும் யன்னல்களும் ஏற்கனவே முற்றத்தில் சாய்ந்து கிடக்கின்றன.

"என்ன பிள்ள செய்யிறாய்!" என்று இவர் அலறினார்.

"காத்து மாற ஒவ்வொரு வருஷமும் மீன் வாடியைக் கழற்றித் தெற்குக் கரைக்குக் கொண்டு போறியள்தானே அப்பா. ஓலையைக் கழற்றலாம், ஓட்டைக் கழற்ற ஏலாதோ? றோட்டுக்கு அங்கால எங்கட பனங்காணி கிடக்கு. விழுறதுக்கு முன்னம் எடுத்திட்டா வீடு வீடுதான்."

எல்லாரும் சலேத்தம்மாவின் வாயைப் பார்த்தோம். அவள் தன் குசினி இருந்த பக்கத்தைப் பார்த்தாள், கூரையில் இருந்த மகனைப் பார்த்தாள், பிறகு கத்தினாள்.

"டேய், பாத்து! மெதுவாக் கழற்று! உடைச்சியெண்டால் காலை முறிப்பன். அது எங்கட சீதனம்!"

இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கூரையில் ஏறினார். ஒரு ஓட்டைக் கழற்றி, குனிந்து, "இந்தாங்கோ சம்பந்தி, சீதனம்" என்று சலேத்தம்மாவிடம் நீட்டினார். அவள் கோயில் சேலையோடு அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் தந்தாள். "நீயும் எங்களோட அந்தக் காணியில வந்து இரு, உனக்கும் குசினி இல்லைத்தானே" என்று நான் சொன்னேன். "இல்லாட்டி எங்க போறது? உன்ர மனிசன்தானே திண்டது" என்றாள். நான் ஓட்டைச் சுவாமியிடம் கொடுத்தேன். அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். கடற்கரையில் இருந்து றோட்டுக்கங்கால் பனங்காணி வரைக்கும் சனம் வரிசையாக நின்று கை மாற்றியது. கொடுக்கிற ஒவ்வொருவரும், "இந்தா சீதனம், பிடி சீதனம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

என் அப்பா ஒரு தாளில் கையெழுத்து வைத்து எனக்குத் தந்த வீடு அது. என் மகளுக்குப் போகும்போது ஊரே அதைக் கையால் தொட்டுக் கொடுத்தது. நான் ஓடு வாங்கி வாங்கி அழுதேன். முதுகுக்குப் பின்னால் கடல் பெரிதாக இரைந்துகொண்டிருந்தது. மடுத்தீன்கூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.